பயாப்சித் துண்டு ஸ்லைடாகும் வரை: திசுவைப் பதப்படுத்தி நிறமேற்றும் முறை

அறுவை அரங்கில் வெட்டியெடுக்கப்பட்ட திசுத் துண்டு ஒன்று நோயியல் மருத்துவரின் நுண்ணோக்கிக்கு அடியில் நீலமும் இளஞ்சிவப்புமாக விரியும்போது அதன் தடிமன் 3 அல்லது 4 மைக்ரான் மட்டுமே. தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அழுகும் தன்மையுள்ள, வழவழப்பான, நிறமற்ற ஒரு பொருளை அந்த நிலைக்குக் கொண்டுவர, அதைக் கெட்டிப்படுத்தி, நீரை வெளியேற்றி, மெழுகை ஏற்றி, சீவி, மறுபடியும் மெழுகை நீக்கி, சாயத்தில் தோய்க்க வேண்டியிருக்கிறது. இந்த வேலையைச் சென்னை ஆய்வகங்களில் புதிதாகக் கற்றுக்கொள்ளும் டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) மாணவர்களையும் இளம் தொழில்நுட்பர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பாடநூல்கள் குறிப்பிடும் அறை வெப்பநிலை பெரும்பாலும் குளிர்நாட்டு அறையின் வெப்பநிலை. மே மாதத்துச் சென்னையின் வெக்கையும் கார்த்திகை மழையின் ஈரமும் அந்தப் பக்கங்களில் இல்லை. ஆகவே வழக்கமான முறையோடு, இந்த ஊரில் அது எங்கெங்கே பிசகும் என்பதையும் சேர்த்தே சொல்லிச் செல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சாயம் அதிகமாகிவிட்டால் கழுவி மறுபடி ஏற்றலாம். சீவல் கிழிந்தால், திசு பதிந்த மெழுகுக் கட்டியான பிளாக்கிலிருந்து இன்னொன்றை எடுக்கலாம். நீர் முழுவதும் வெளியேறாத திசுவைக்கூட, வந்த வழியே திருப்பி அனுப்பி ஓரளவு மீட்கலாம். உடலிலிருந்து வெளிவந்த முதல் சில மணி நேரத்தில் திசு கெட்டுப்போனால் மட்டும் அதைச் சரிசெய்ய வழி எதுவும் இல்லை. திசுவைக் கெட்டிப்படுத்தும் ஃபார்மலினைப் பற்றி நான் நீளமாகப் பேசுவதற்கு அதுவே காரணம்.

ஃபார்மலினில் முதல் நாள்

இரத்த ஓட்டம் அறுபட்ட நொடியிலிருந்து செல்கள் தம்முடைய நொதிகளாலேயே தம்மைச் செரிக்கத் தொடங்குகின்றன. வெப்பம் கூடக்கூட அந்தச் செரிமானமும் வேகமாகிறது. ஃபார்மால்டிஹைடு புரதங்களுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்தி, நொதிகளையும் கட்டமைப்பையும் இருந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. 1893-இல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மானிய மருத்துவர் கிருமிநாசினியாக இதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தம் விரல் தோல் விறைத்துப்போனதைக் கவனித்தார். திசுவைக் காக்க இதைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. இன்றும் உலகெங்கும் வழக்கமான பயாப்சிகளுக்கு அதே மருந்துதான்.

கடையில் ஃபார்மலின் என்று விற்கப்படுவது 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல். அதில் ஒரு பங்கோடு 9 பங்கு நீரைச் சேர்த்தால் கிடைப்பதே 10 சதவீத ஃபார்மலின். அதில் உண்மையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு ஏறத்தாழ 4 சதவீதம்தான். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு, 10 சதவீத ஃபார்மால்டிஹைடைத் தயாரித்துவைக்கும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஒரு லிட்டருக்கு ஃபார்மலின் 100 மில்லி, வாலைவடி நீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம் என்பதே நடுநிலைத் தாங்கல் ஃபார்மலினுக்கான அளவு. அந்த இரண்டு உப்புகளையும் சிக்கனம் கருதித் தவிர்க்கக் கூடாது. தாங்கல் இல்லாத ஃபார்மலின் நாளாக ஆக ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் இரத்தம் நிறைந்த மண்ணீரல் போன்ற திசுக்களில் பழுப்பு நிறப் படிவுகளை உண்டாக்கும். நுண்ணோக்கியில் அவை மலேரியா நிறமியைப் போலவே தோன்றி மருத்துவரைத் திகைக்க வைக்கும். படிந்துவிட்டால், நிறமேற்றுவதற்கு முன் சீவலைப் பிக்ரிக் அமிலத்தின் செறிந்த ஆல்கஹால் கரைசலில் வைத்து அகற்றலாம். படியாமல் பார்த்துக்கொள்வது அதைவிட எளிது.

திசுவின் கன அளவைப்போல் 10 முதல் 20 மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். பாத்திரம் அகன்ற வாயுடையதாக இருக்கட்டும். குறுகிய வாய்ப் புட்டிக்குள் அமுக்கித் தள்ளிய துண்டு, கெட்டிப்பட்ட பிறகு அந்தப் புட்டியின் வடிவத்திலேயே விறைத்து நிற்கும், வெளியே எடுக்கவும் வராது. ஃபார்மலின் தொடக்கத்தில் மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழம் ஊடுருவும், உள்ளே செல்லச் செல்ல வேகம் குறையும். எனவே முழுக் கருப்பையையோ மார்பகத்தையோ அப்படியே போட்டு மூடினால், மேற்பரப்பு கெட்டிப்பட்டிருக்கும்போதே நடுப்பகுதி அழுகிக்கொண்டிருக்கும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் காயை வகிர்வதுபோல, ஒரு பக்கம் ஒட்டியே இருக்கும்படி சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் வகிர்ந்து, இடுக்குகளில் ஃபார்மலினில் நனைத்த காஸ் துணியைச் செருகிவிட்டால் மருந்து எல்லாப் பக்கமும் செல்லும், உறுப்பின் திசையும் மாறாது. எங்கே, எந்தத் திசையில் வகிர்வது என்பதை நோயியல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சிறிய பயாப்சிகளுக்குக் குறைந்தது 6 மணி நேரம் தேவை. மார்பகப் புற்றுநோய்த் திசுவில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளையும் ஹெர்-2 புரதத்தையும் சோதிக்கவேண்டியிருப்பதால், அதை எடுத்த 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும் என்றும், 6 மணிக்குக் குறையாமலும் 72 மணியைத் தாண்டாமலும் அதில் வைத்திருக்க வேண்டும் என்றும் சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சனிக்கிழமை மாலையில் நடக்கும் அறுவைகளில் இந்தக் கணக்கு எளிதில் தவறிவிடும். திசு வெளியே எடுக்கப்பட்ட நேரம், ஃபார்மலினில் போடப்பட்ட நேரம் ஆகிய இரண்டையும் விண்ணப்பப் படிவத்தில் எழுதி அனுப்பும்படி அறுவை அரங்கச் செவிலியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரிரு வாரம் விடாமல் கேட்டால் அது வழக்கமாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதத்தில், சிறிய மருத்துவமனை ஒன்றிலிருந்து கழுத்து நிணநீர்க் கணு ஒன்று சலைனில் மிதந்தபடி எங்களிடம் வந்து சேர்ந்தது. முந்தைய நாள் மதியம் எடுத்ததாம். இரவு முழுவதும் ஒரு மேசைமேல் இருந்திருக்கிறது. நாங்கள் எல்லாவற்றையும் முறைப்படி செய்தும், சீவலில் தெரிந்தவை உட்கரு கரைந்துபோன செல்களின் நிழல்கள் மட்டுமே. காசநோயா, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றா என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாமல், இருபது வயதைச் சற்றே கடந்த அந்தப் பெண்ணுக்கு மீண்டும் கத்தி வைக்கவேண்டியிருந்தது. அவர் கழுத்திலிருக்கும் இரண்டாவது தழும்பை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சலைனில் போடாதீர்கள், ஸ்பிரிட்டில் போடாதீர்கள், ஃபார்மலின் இல்லையென்று ஃபிரிட்ஜின் உறைபெட்டியிலும் வைக்காதீர்கள். மெதுவாக உறையும்போது உருவாகும் பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். தாம்பரத்திலிருந்தோ ஆவடியிலிருந்தோ இருசக்கர வாகனத்தில் மாதிரிகளைக் கொண்டுவரும் ஊழியருக்கும், மூடியை இறுக்கிப் பாத்திரத்தை நிமிர்த்தி வைக்கவும், வெயிலில் வண்டிமேல் விட்டுச் செல்லாதிருக்கவும் சொல்லித்தர வேண்டும்.

ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக உறுதிசெய்யப்பட்டது. புகைபோக்கி அறையிலோ நல்ல காற்றோட்டத்திலோ, கையுறையும் கண்ணாடியும் அணிந்தே அதைக் கையாள வேண்டும். கண் எரிச்சல் பழகிவிட்டது என்று சொல்பவரின் ஆய்வகத்தில் காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றே பொருள்.

கிராசிங் மேசையில்

திசுவைக் கண்ணால் பார்த்து, அளந்து, விவரித்து, தேவையான பகுதிகளை வெட்டி எடுப்பதைக் கிராசிங் என்கிறோம். இது மருத்துவரின் வேலை என்றாலும், துண்டுகளைத் தாங்கும் துளையிட்ட சிறு பெட்டியான கேசட்டை அடுக்குபவர் தொழில்நுட்பரே. துண்டின் கனம் 3 முதல் 4 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கேசட்டின் மூடியைத் தொடும் அளவுக்குத் திணித்த துண்டுக்குள் எந்தத் திரவமும் ஒழுங்காகப் புகாது. கேசட்டில் மாதிரியின் எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும். சாதாரண மை அடுத்துவரும் ஆல்கஹாலிலும் சைலீன் என்ற கரைப்பானிலும் கரைந்து, எண்ணில்லாத பிளாக்காக வந்து நிற்கும். குடல் உட்சுவரிலிருந்து கிள்ளியெடுத்த கடுகளவுத் துண்டுகளை வடிதாளில் மடித்து, ஒரு சொட்டு ஈயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயத்தைத் தொட்டுவைத்தால், மெழுகில் அவற்றைத் தேடவேண்டி வராது.

எலும்பாக இருந்தால் முதலில் ஃபார்மலினில் முழுமையாகக் கெட்டிப்படுத்தி, அதன் பிறகே சுண்ணத்தை நீக்க வேண்டும். 5 சதவீத நைட்ரிக் அமிலம் விரைவாக வேலை செய்யும், ஆனால் நேரம் கடந்தால் உட்கரு சாயம் ஏற்காமல் போகும். கால்சியத்தைப் பற்றி இழுக்கும் ஈ.டி.டி.ஏ. மெதுவாக, சில நேரம் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். செல்லுக்கு அது செய்யும் சேதம் மிகக் குறைவு என்பதால் எலும்பு மஜ்ஜைப் பயாப்சிக்கு அதையே பரிந்துரைப்பேன். முடிந்துவிட்டதா என்று ஊசியால் குத்திப் பார்ப்பது பழைய பழக்கம். திசுவைச் சிதைக்கும் பழக்கமும்கூட. அமிலத்தைப் பயன்படுத்தியிருந்தால், அதில் 5 மில்லி எடுத்து, அம்மோனியாவால் நடுநிலையாக்கி, அம்மோனியம் ஆக்ஸலேட் சேருங்கள். கலங்கினால் கால்சியம் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அமிலத்தை மாற்றித் தொடர வேண்டும்.

நீர் வெளியே, மெழுகு உள்ளே

மெழுகு நீரோடு கலக்காது. ஆல்கஹால் நீரோடு கலக்கும், மெழுகோடு கலக்காது. சைலீன் ஆல்கஹாலோடும் கலக்கும், மெழுகோடும் கலக்கும். பிராசஸிங் என்ற நீண்ட இரவு வேலை முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது: ஒவ்வொரு திரவமும் தனக்கு முன்னதை வெளியேற்றித் தனக்குப் பின்னதற்கு வழிவிடுகிறது. எத்தனாலுக்குக் கலால் துறை உரிமம் வேண்டும் என்பதால் நம் ஆய்வகங்கள் பலவற்றில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே புழங்குகிறது. அதில் குறையொன்றும் இல்லை. 70 சதவீதத்தில் 1 மணி, 90 சதவீதத்தில் 1 மணி, முழு ஆல்கஹாலில் மூன்று முறை ஒவ்வொரு மணி, சைலீனில் இரண்டு முறை ஒவ்வொரு மணி, உருகிய மெழுகில் இரண்டு அல்லது மூன்று முறை ஒன்று முதல் ஒன்றரை மணி என்பது வழக்கமான துண்டுகளுக்குப் போதுமான அட்டவணை. கடுகளவுப் பயாப்சிகளையும் கொழுப்பு நிறைந்த மார்பகத் துண்டுகளையும் ஒரே கூடையில், ஒரே நேரக் கணக்கில் அனுப்பக் கூடாது. சிறியவை அளவுக்கு மீறிக் காய்ந்து, சீவும்போது பொடியாக உதிரும், கொழுப்புத் துண்டோ நடுவில் வழவழவென்றே இருக்கும்.

இங்கேதான் கடற்கரை நகரத்தின் காற்று குறுக்கிடுகிறது. முழு ஆல்கஹால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் வாரங்களில் மூடி சரியாகப் பொருந்தாத ஜாடியில், அது பெயருக்குத்தான் முழு ஆல்கஹால். நீரற்ற காப்பர் சல்பேட்டைச் சிறிதளவு ஒரு சோதனைக் குழாயில் இட்டு அந்த ஆல்கஹாலை ஊற்றிப் பாருங்கள். வெள்ளைத் தூள் நீலமாக மாறினால் ஆல்கஹாலில் நீர் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த கட்டத்தில் சைலீன் பால்போல் கலங்கித் தானே காட்டிக்கொடுக்கும். அப்போது துண்டுகளைப் புதிய முழு ஆல்கஹாலுக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி புதிய சைலீனுக்குக் கொண்டுவர வேண்டும். அதையும் கடந்து மெழுகுக்குப் போய்விட்டால், பிளாக் இறுகிய பிறகு திசு இருக்கும் இடம் மட்டும் குழிந்து மென்மையாக அமுங்கும். இந்த வேலையில் பிழை நடக்கும் இடம் ஒன்று, அது தெரியவரும் இடம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

மெழுகை வாங்கும்போது உருகுநிலையைப் பாருங்கள். அறையே 34 டிகிரியில் இருக்கும் ஊரில் 54 டிகிரியில் உருகும் மெழுகு சீவும்போது குழைந்து நசுங்கும். 58 முதல் 60 டிகிரி செல்சியஸில் உருகும் மெழுகே நமக்கு ஏற்றது. ஆனால் மெழுகு அடுப்பின் வெப்பம் அந்த உருகுநிலையை இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் தாண்டக் கூடாது, தாண்டினால் திசு வெந்து சுருங்கும்.

தானியங்கி இயந்திரத்தை இரவில் ஓடவிட்டு வீட்டுக்குச் செல்பவர்கள் மின்தடைக்கான ஏற்பாட்டையும் செய்துவிட்டே செல்ல வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் நகரத்தின் பல பகுதிகளை நாள்கணக்கில் இருளில் வைத்தன. புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் புதிய சுற்றைத் தொடங்காமல் துண்டுகளை ஃபார்மலினிலேயே விட்டுவைப்பது நல்லது. நடுவழியில் மின்சாரம் நின்று கூடை காற்றில் தொங்கிவிட்டால், அதைக் கையால் இறக்கி, கடைசியாக இருந்த திரவத்திலேயே அமிழ்த்திவையுங்கள். திசு ஒருபோதும் உலரக் கூடாது.

மெழுகில் பதித்தல்

இது சில நிமிட வேலை, ஆனால் திசையைத் தவறவிட்டால் மருத்துவரால் எதையும் படிக்க முடியாது. தோலை விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்திப் பதித்தால்தான் மேல்தோலிலிருந்து கொழுப்புவரை எல்லா அடுக்கும் ஒரே சீவலில் வரும். குடல்வால், கருக்குழாய் போன்ற குழாய்களின் குறுக்கு வெட்டு வட்டமாகத் தெரிய வேண்டும். அச்சில் சிறிது மெழுகை ஊற்றி, சூடாக்கிய இடுக்கியால் துண்டை அடியில் அழுத்தி நிறுத்தி, நிரப்பி, குளிர்தட்டில் விரைவாக இறுக விடுங்கள். மெதுவாக இறுகும் மெழுகில் பெரிய படிகங்கள் உருவாகி பிளாக் நொறுங்கும். ஒரு நோயாளியின் துண்டை முடித்ததும் இடுக்கியைத் துடைத்துவிட்டே அடுத்த கேசட்டைத் திறக்க வேண்டும்.

மைக்ரோடோம்

பிளாக்கை மெல்லிய சீவல்களாகச் சீவும் இந்த இயந்திரத்தைக் கையாளும் கலையைக் கை பழகித்தான் கற்க முடியும், இருந்தாலும் சில காரணங்களைத் தெரிந்துகொண்டால் பழக்கம் விரைவில் வரும். முதலில் 10 முதல் 15 மைக்ரான் கனத்தில் சீவி, திசுவின் முழு முகமும் வெளிப்படும்வரை பிளாக்கைச் சமப்படுத்துங்கள். சிறிய பயாப்சியாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே நிதானம் தேவை. அவசரமாகச் சீவித் தள்ளும் தூளில் நோயே போய்விடலாம். பிறகு பிளாக்கின் முகத்தைப் பனிக்கட்டித் தட்டின்மேல் பத்து நிமிடம் கவிழ்த்துவைத்து, துடைத்து, 3 அல்லது 4 மைக்ரானுக்கு மாற்றி, சக்கரத்தை ஒரே சீரான வேகத்தில் சுற்றினால், சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பனாக இறங்கும். சென்னையில் குளிர்சாதனம் இல்லாத அறையில், பனிக்கட்டியிலிருந்து எடுத்த பிளாக்கில் முதல் சில சீவல்கள் மட்டுமே நன்றாக வரும், பிறகு மெழுகு இளகித் திரும்பவும் நசுங்கத் தொடங்கும். அப்போது கத்தியைக் குறை சொல்லாமல் பிளாக்கை மீண்டும் குளிர வையுங்கள். அதேநேரம் அதிகமாகக் குளிர்ந்த பிளாக் வெடித்துக் கோடு விடும். மின்விசிறியை நிறுத்திவிட்டே சீவ வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். ஒரு மணி நேரம் பாடுபட்டு எடுத்த ரிப்பன் விசிறிக் காற்றில் பறந்துபோவதைப் பார்த்து அழுத மாணவியும் உண்டு.

சீவலில் நீளவாக்கில் கீறல் தொடர்ந்து வந்தால் பிளேடின் விளிம்பில் பல் விழுந்திருக்கிறது அல்லது திசுவில் சுண்ணமோ தையல் நூலோ இருக்கிறது. பிளேடைச் சற்று நகர்த்திப் பாருங்கள், கீறலும் இடம் மாறினால் குற்றம் பிளேடுடையது. ஒன்று தடிப்பாகவும் ஒன்று மெல்லியதாகவும் மாறி மாறி வந்தால் பிளேடோ பிளாக்கோ எங்கோ தளர்ந்திருக்கிறது. பிளாக்கைத் தொடுவதற்கு முன் சக்கரத்தைப் பூட்டிவிட்டு பிளேடுக்குக் காப்பை இட வேண்டும். விரலில் ஆழ வெட்டிக்கொண்டவர்களில் பலர் அனுபவசாலிகளே.

ரிப்பனை நீர்த்தொட்டியில் மிதக்கவிடும்போது நீரின் வெப்பம் மெழுகின் உருகுநிலையைவிட சுமார் 10 டிகிரி குறைவாக இருக்கட்டும். சுருக்கங்கள் விரிந்ததும், முட்டை வெண்கருவும் கிளிசரினும் கலந்த மேயர் அல்புமினை மெல்லத் தடவிய ஸ்லைடால் சாய்வாக ஏந்தி எடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு நீரின் மேற்பரப்பை டிஷ்யூ தாளால் இழுத்துத் துடைப்பதை எந்த அவசரத்திலும் விடாதீர்கள். முந்தைய நோயாளியின் புற்றுத் திசுத் துணுக்கு ஒன்று மிதந்துவந்து அடுத்தவரின் ஸ்லைடில் ஒட்டிக்கொண்டால், நோயே இல்லாத ஒருவருக்குப் புற்றுநோய் என்று எழுதப்படும் ஆபத்து உண்டு. பின்பு ஸ்லைடுகளை 60 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் தாங்கியில் சாய்த்துவைத்தாலே உலர்ந்துவிடும் என்று நம்பினால், நிறமேற்றும்போது சீவல்கள் கழன்று ஜாடியில் மிதக்கும்.

ஹெமடாக்சிலினும் ஈயோசினும்

ஹெமடாக்சிலின் மெக்சிகோவின் கம்பேச்சே கரையோரத்தைத் தாயகமாகக் கொண்ட ஒரு மரத்தின் வைரப் பகுதியிலிருந்து வருகிறது. அது தானாகச் சாயமாகாது. ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹெமட்டீனாக மாறி, படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு இணைந்த பிறகே உட்கருவைப் பற்றிக்கொள்கிறது. நம் துணிச் சாயத் தொழிலில் படிகாரம் செய்யும் அதே வேலைதான் இங்கும். 1886-இல் எர்லிக் உருவாக்கிய கலவையைப் பழுக்கவைக்க இரண்டு மாதம் வரை வெளிச்சத்தில் வைக்கவேண்டியிருந்தது. 1900-இல் ஹாரிஸ் ஆக்சிஜனேற்றியைச் சேர்த்துக் காய்ச்சி, அன்றே பயன்படுத்தும்படி செய்தார். ஹெமடாக்சிலின் 2.5 கிராமை 25 மில்லி முழு ஆல்கஹாலில் கரைத்து, 50 கிராம் பொட்டாஷ் படிகாரத்தை 500 மில்லி சூடான வாலைவடி நீரில் கரைத்து, இரண்டையும் கலந்து கொதிக்க வைக்க வேண்டும். தீயிலிருந்து இறக்கிய பின் 0.5 கிராம் சோடியம் அயோடேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் கரைசல் கருஊதாவாக மாறும். உடனே குளிர்நீரில் வைத்து ஆறவிட்டு, 20 மில்லி பனி அசெட்டிக் அமிலம் சேருங்கள். பழைய குறிப்புகளில் சோடியம் அயோடேட்டின் இடத்தில் மெர்குரிக் ஆக்சைடு இருக்கும்; பாதரச நஞ்சு என்பதால் அதை விட்டுவிடலாம். ஒவ்வொரு காலையும் வடிகட்டிய பிறகே பயன்படுத்துங்கள், மேலே மினுங்கும் உலோகப் படலம் அப்படியே சீவலின்மேல் படிந்துவிடும்.

ஸ்லைடுகளைச் சைலீனில் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 5 நிமிடம் வைத்து மெழுகை முற்றாக நீக்கி, முழு ஆல்கஹால், 90, 70 என இறங்கி நீருக்குக் கொண்டுவாருங்கள். ஹாரிஸ் ஹெமடாக்சிலினில் 5 முதல் 8 நிமிடம் வைத்துக் கழுவினால் திசு முழுவதும் ஊதாவாக இருக்கும். 70 சதவீத ஆல்கஹாலில் 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்த கரைசலில் ஓரிரு முறை மட்டும் முக்கியெடுத்து, உடனே நீரில் நிறுத்துங்கள். மிகுதிச் சாயம் இறங்கி உட்கருவில் மட்டும் அது தங்கும். எத்தனை முக்கு என்பதை எண்ணிக்கையாகச் சொல்ல முடியாது, சாயத்தின் வயதைப் பொறுத்து அது நாளுக்கு நாள் மாறும். அதனால் அடுத்த படி முடிந்ததும் ஒரு ஸ்லைடை ஈரத்தோடு நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள்.

அடுத்த படி நீலமாக்குதல். அமிலத்தில் சிவந்திருக்கும் இந்தச் சாயம், காரத்தன்மையுள்ள நீரில் நீலமாகிறது. பாடநூல்கள் ஓடும் குழாய்நீரில் பத்து நிமிடம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. சென்னையில் அந்தக் குழாயில் எந்த நீர் வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும். செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளின் நீர், வீராணத்து நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரிலிருந்து நன்னீராக்கியது, லாரித் தண்ணீர், கட்டடத்தின் சொந்த ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் என்று இவற்றில் எது தொட்டியில் கலந்திருக்கிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிறது. அதனோடு சேர்ந்து காரத்தன்மையும், குளோரினும், நீலமாக ஆகும் நேரமும் மாறுகின்றன. குழாயை நம்பாமல் ஸ்காட் கரைசலைத் தயாரித்துவையுங்கள்: ஒரு லிட்டர் வாலைவடி நீரில் சோடியம் பைகார்பனேட் 3.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 20 கிராம். ஒன்றிரண்டு நிமிடத்தில் உட்கருக்கள் தெளிந்த நீலமாகும். பிறகு அந்தக் காரம் போக நன்றாகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் ஈயோசின் ஒட்டாது.

1 சதவீத ஈயோசினில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் போதும். சில சொட்டு அசெட்டிக் அமிலம் சேர்த்தால் நிறம் ஆழமாகப் பிடிக்கும். நல்ல ஈயோசின் நிறமேற்றத்தில் இளஞ்சிவப்பின் மூன்று சாயல்களாவது பிரிந்து தெரிய வேண்டும்: இரத்தச் சிவப்பணு அடர்ந்தும், தசை அதைவிடத் தணிந்தும், கொலாஜன் வெளிறியும் இருக்கும். எல்லாம் ஒரே ரோஜாப்பூ நிறத்தில் இருந்தால் அது அழகாக இருந்தாலும் பயனில்லை. அடுத்துவரும் 90 சதவீத ஆல்கஹாலில் ஈயோசின் கரைந்து இறங்கும் என்பதால் அங்கே நேரம் கடத்தாமல், முழு ஆல்கஹாலில் மூன்று மாற்றங்கள் முடித்து சைலீனுக்குக் கொண்டுசெல்லுங்கள். சைலீன் உலர்வதற்குள் ஒட்டுப் பிசினான டி.பி.எக்ஸ். ஒரு சொட்டு இட்டு, மூடுகண்ணாடியை ஒரு விளிம்பிலிருந்து மெல்லச் சாய்த்து இறக்குங்கள். உலர்ந்த பிறகு மூடினால் உட்கருக்களின்மேல் காற்று சிக்கிப் பழுப்பு நிறப் பொட்டுகளாகத் தெரியும். அப்படியானால் சைலீனில் ஊறவைத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடலாம்.

ஸ்லைடில் ஆங்காங்கே சாயமே ஏறாத வெண்திட்டுகள் இருந்தால் மெழுகு முழுவதும் நீங்கவில்லை. உட்கரு சிவந்திருந்தால் நீலமாக்குதல் போதவில்லை. உட்கரு மங்கியிருந்தால் ஹெமடாக்சிலின் வலுவிழந்திருக்கலாம், அமில ஆல்கஹாலில் அதிக நேரம் நின்றிருக்கலாம், எலும்பாக இருந்தால் அமிலம் மிஞ்சியிருக்கலாம். இந்த மூன்றும் இல்லையென்றால் மீண்டும் ஃபார்மலின் புட்டியிடமே விசாரணை சென்று நிற்கும்.

சிறப்பு நிறமேற்றங்கள் தனித்தனிக் கட்டுரைகளுக்கு உரியவை, ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். 1956 முதல் காசநோய்க்கென்றே தனி ஆராய்ச்சி மையம் இயங்கிவரும் இந்த நகரத்தில், நிணநீர்க் கணுவில் கிரானுலோமா எனப்படும் அழற்சிச் செல் திரள் தெரிந்தால், காசநோய்க் கிருமியைச் சிவப்பாகக் காட்டும் சீல்-நீல்சன் நிறமேற்றம் கேட்கப்படாத நாள் அரிது. அதை ஒருபோதும் தனியாகச் செய்யாதீர்கள். கிருமி இருப்பது உறுதியான ஒரு திசுவின் ஸ்லைடையும் கூடவே நிறமேற்றுங்கள். அதில் சிவப்புக் கோல்கள் தெரியாவிட்டால் நோயாளியின் ஸ்லைடில் தெரியாததற்குப் பொருளே இல்லை. தொழுநோய்க் கிருமியின் உறை இன்னும் மென்மையானது. அதற்கு ஃபைட் முறையில் கடலை எண்ணெயும் சைலீனும் கலந்து மெழுகை நீக்கி, நீர்த்த கந்தக அமிலத்தால் நிறம் இறக்குவார்கள். அந்த எண்ணெய்தான் கிருமியின் உறையைக் காப்பாற்றுகிறது.

வேலை முடிந்ததும் பயன்படுத்திய பிளேடுகள் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கும், உடைந்த ஸ்லைடுகள் நீலப் பெட்டிக்கும், மீந்த திசுக்கள் மஞ்சள் பைக்கும் போக வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின் கட்டளை. மீந்த திசுவை அறிக்கை கையெழுத்தாகும் முன் அப்புறப்படுத்தாதீர்கள், மருத்துவர் இன்னொரு துண்டு கேட்கக்கூடும். சீவிய பிளாக்குகளின் முகத்தை உருகிய மெழுகால் ஒருமுறை மூடி, எண் வரிசையில் அடுக்கி, வெயில் படாத, எலியும் பூச்சியும் நுழையாத இரும்பு அலமாரியில் வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்த நோயாளிக்குப் புதிய மருந்து ஒன்று பொருந்துமா என்று பார்க்க மருத்துவர் கேட்கப்போவது அந்தப் பிளாக்கைத்தான்.